தேத்தண்ணிக்கு அழைத்துவிட்டேன், இனி என்ன செய்வது? வீட்டுத் தேநீர் விருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், பதினோரு ஆண்டுகளாக மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை தேநீர் விருந்து வைக்கிறேன். உறவினர் பாதி, நண்பர்கள் பாதி, சொல்லாமல் வருகிறவர்கள் பாதி. வந்துபோனவர்களில் சிலர் தாங்களும் வைக்கத் தொடங்கினார்கள். அன்று முதல் என் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல். சென்ற மாதம் தங்கை மகள் ஒரே இரவில் பதினான்கு கேள்விகள் அனுப்பினாள். எழுதிவைத்துவிடுவதே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தந்திருக்கிறேன். கொச்சையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி கலக்கிக் கொடுக்கத்தானே செய்கிறோம்? அதற்கு எதற்கு "விருந்து" என்று பெயர்?

யாராவது வந்தால் கலக்கிக் கொடுக்கிறோம், சரி. அப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? அடுப்படியில். வந்தவர் கூடத்தில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் உள்ளேயிருந்து "இதோ வந்துவிட்டேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். விருந்து என்று பெயர் வைத்து, நாள் குறித்து, வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டால், ஆட்கள் வரும்போது நீங்களும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்காரி எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள் என்பதை வைத்துத்தான் நான் ஒரு தேநீர் விருந்தை எடைபோடுகிறேன். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த நிமிடங்களைக் கூட்டுவதற்கான வழிகள்தான்.

பட்டர்வொர்த்துக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் என் பாட்டி வாசற்படியில் உட்கார்ந்துதான் தேநீர் குடிப்பார். தகரக் குவளை, இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட், பக்கத்து வீட்டுக்காரி. அதுவும் விருந்துதான்.

எத்தனை மணிக்கு வரச் சொல்வது?

நான்கரை முதல் ஆறரை வரை. தொடங்கும் நேரத்தைப் போல முடியும் நேரத்தையும் கட்டாயம் எழுதுங்கள். "சாயங்காலம் தேநீருக்கு வாருங்கள்" என்று மட்டும் சொன்னால், சிலர் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வருவார்கள், சிலர் இரவுச் சாப்பாடும் உண்டு என்று நம்பி வருவார்கள். "4:30 முதல் 6:30 வரை, தேநீரும் பலகாரமும்" என்ற ஒரே வரியில் இரண்டு குழப்பமும் தீர்ந்துவிடும்.

நான்கரைக்கு வேறு காரணங்களும் உண்டு. அஸார் தொழுகை அதை ஒட்டி வருவதால் முஸ்லிம் நண்பர்கள் வீட்டிலேயே தொழுதுவிட்டு வரலாம். கோலாலம்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான் மறைகிறது என்பதால் மக்ரிப் தொழுகைக்குள் வீடு திரும்பவும் முடியும். மழையையும் கணக்கில் வையுங்கள். பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிப் பிற்பகல் இடிமழை கொட்டும்; பாதிப்பேர் நனைந்துகொண்டு ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். வாசலில் குடை வைக்க ஒரு வாளியும் துவட்டிக்கொள்ள இரண்டு துண்டும் இருக்கட்டும்.

ஒரு கிளைக்கதை. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். என் பாட்டி அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. "பழைய நாலு மணி" என்றுதான் சொல்வார். என்னுடைய நான்கரையும் அவருடைய பழைய நாலும் ஒன்றுதான்.

அழைப்பில் "ஹை டீ" என்று போட்டால் கொஞ்சம் எடுப்பாக இருக்குமே?

போடாதீர்கள். இங்குள்ள ஹோட்டல்கள் அந்தப் பெயரில் சோறு, மீ, சாத்தே எல்லாம் அடுக்கிவைப்பதால் வருகிறவர்கள் அதையே எதிர்பார்ப்பார்கள். இங்கிலாந்திலும் அது சீமாட்டிகளின் தேநீர் இல்லை. வேலைவிட்டு வந்த தொழிலாளிகள் இறைச்சியோடு சாப்பிட்ட மாலைச் சாப்பாடு. கேக்கும் சாண்ட்விச்சும் வைத்த பிற்பகல் தேநீர்தான் பெட்ஃபர்ட் சீமாட்டி அன்னா 1840-ஐ ஒட்டிப் பரப்பியதாகச் சொல்லப்படும் வழக்கம். "தேநீர் விருந்து" என்ற நம் சொல்லே போதும்.

முதல்முறை வைக்கிறேன். எத்தனை பேரை அழைக்கலாம்?

நாற்காலிகளை எண்ணுங்கள். பாயில் உட்காரக்கூடிய இளையவர்களுக்கு இன்னும் நான்கு இடம் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல்முறைக்கு எட்டுப் பேர் போதும். இருபதுக்கு மேல் போனால் அது தேநீர் விருந்தாக இருக்காது, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பாகிவிடும். நீங்கள் வாசலிலேயே நின்று வரவேற்றுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இருபது பேர் வருகிறார்கள் என்றால் எவ்வளவு தேயிலை, எவ்வளவு பால்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலக்க முடியாதே.

தனித்தனியாகக் கலக்கவே கூடாது. முதல் சுற்றில் இருபது குவளை, இரண்டாம் சுற்றில் பாதிப்பேர். ஆக முப்பது குவளை. குவளைக்கு 150 மில்லி என்றால் நான்கரை லிட்டர். இதற்கு 100 கிராம் தேயிலைத் தூளை இரண்டரை லிட்டர் கொதிநீரில் போட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்து, துணி வடிகட்டியில் வடித்துவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் தூளைப் போட வேண்டும். தூளோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறி நாக்கு வறண்டுபோகும். கிடைக்கிற கெட்டிச் சாயத்தைச் சுடுநீர்க் குடுவையில் ஊற்றிவையுங்கள். இன்னொரு குடுவையில் வெறும் வெந்நீர்.

குவளையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சாயம், பிறகு வெந்நீர், பிறகு சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய டின் பால் ஒன்றரை மேசைக்கரண்டி. முப்பது குவளைக்கும் பால் ஊற்றினாலும் 900 கிராம்தான் ஆகும். அரைக் கிலோ டின் இரண்டு போதும். மூன்றாவது டின்னை நான் திறந்ததே இல்லை, ஏனென்றால் எப்போதும் சிலர் பால் இல்லாத தே ஓ கேட்பார்கள். குடுவைகளையும் பாலையும் சீனியையும் ஒரு மேசையில் வைத்து, அவரவரே கலந்துகொள்ளச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் நீங்கள் கலந்து, இரு கையாலோ வலக் கையாலோ கொடுங்கள். மாமியார் வரிசையில் நின்று தேநீர் கலந்தார் என்ற பேச்சு குடும்பத்தில் பத்து வருடம் ஓடும்.

சாயத்தை மூன்றரை மணிக்கு மேல் வடியுங்கள். காலையிலேயே வடித்துவைத்தால் குடுவைக்குள்ளேயே கருத்து, மணம் போய்விடும்.

தூள் நல்லதா, இலை நல்லதா? பொட்டலத்தை வெந்நீரில் முக்கினால் ஆகாதா?

பாலுக்குத் தூள்தான். துகள் சிறிதாக இருப்பதால் சாயமும் திடமும் சில நிமிடத்தில் இறங்கிவிடும். பால் சேர்ந்த பிறகும் தேநீரின் ருசி தெரியும். முழு இலையின் மணம் மென்மையானது, டின் பாலில் காணாமல் போய்விடும். பால் இல்லாமல் குடிக்கிறவர்கள் மூன்று நான்கு பேர் இருந்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு சிறு கெண்டியில் இலைத் தேநீர் போடுங்கள்.

கேமரன் மலைத் தேயிலையையே வைக்க வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் வைக்கிறேன், ருசியும் காரணம், ஊர்ப் பாசமும் காரணம். அங்குள்ள "போ" (BOH) தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கினார், பாரத் தோட்டம் 1933-இல் தொடங்கியது. அந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மேசையில் பேச்சு வற்றும்போது இந்த ஒரு கேள்வி அரை மணி நேரத்துக்குப் போதும்.

பொட்டலம் அலுவலகத்துக்கு. இருபது நூல்களும் குவளை விளிம்பில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

இஞ்சித் தேநீர் போட்டால் பால் திரிந்துவிடுகிறது. பால் கெட்டுவிட்டதா?

பால் நன்றாகத்தான் இருக்கிறது. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. இளஞ்சூட்டுப் பாலில் அது பட்டவுடன் பால் திரிகிறது. நன்றாகக் கொதித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே தட்டிய இஞ்சியை முதலில் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், அடுப்பை அணைத்துத் தூளைப் போடுங்கள், பாலைக் கடைசியில் ஊற்றுங்கள். மேலே சொன்ன கெட்டிச் சாயத்தையே இஞ்சித் தண்ணீரில் எடுத்துவிட்டால் இரட்டை வேலை இல்லை.

சீனர்கள் இந்தக் "குறையை" வைத்தே ஓர் இனிப்பு செய்கிறார்கள்: சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றினால் தயிர்போல உறைந்துவிடும். அடுத்தமுறை பால் திரிந்தால் அந்த இனிப்புதான் என்று சொல்லிச் சமாளிக்கலாம். நான் ஒருமுறை சமாளித்திருக்கிறேன்.

வீட்டில் தே தாரேக் இழுத்தே ஆக வேண்டுமா? என் மாமனார் "மாமாக் கடை மாதிரி நுரை இல்லையே" என்கிறார்.

தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில்போலத் தேநீரைக் குவளைக்குக் குவளை உயர்த்தி ஊற்றி இழுப்பதால் மூன்று வேலை நடக்கிறது: அடியில் தங்கும் டின் பால் கலக்கிறது, குடிக்கிற சூட்டுக்கு ஆறுகிறது, காற்று புகுந்து நுரைக்கிறது. இதற்குக் கையெட்டும் உயரம் வேண்டியதில்லை. இரண்டு பெரிய குவளைகளை ஒரு முழ இடைவெளியில் வைத்து ஆறேழு முறை ஊற்றினால் போதும். பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் நின்று செய்யுங்கள், தரை தப்பும்.

முப்பது குவளையையும் இழுக்க முடியாது. மாமனாருக்கும் இன்னும் நான்கு பேருக்கும் மட்டும் இழுத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலையை மாமனாரிடமே கொடுத்துவிடுங்கள். 2024-இல் மலேசியாவின் காலை உணவுப் பண்பாடு, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றோடும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதைச் சொன்ன நாளிலிருந்து என் கணவர் வேறு யாரையும் அந்தக் குவளையைத் தொடவிடுவதில்லை.

ஐஸ் தேநீரைக் குளிர்பெட்டியில் வைத்தால் கலங்கிப்போகிறதே?

குளிரும்போது கஃபீனும் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து படிவதால் வரும் மங்கல் அது. குடிக்கலாம். கொஞ்சம் வெந்நீர் ஊற்றினால் தெளியும். குளிர்பெட்டியில் வைக்காமல் அறைச் சூட்டில் ஆறவிட்டு, பரிமாறும்போது ஐஸ் கட்டியும் கஸ்தூரி எலுமிச்சையும் சேர்த்தால் இந்தத் தொல்லை வராது.

பலகாரம் என்னென்ன வைப்பது? என் அம்மா பன்னிரண்டு வகை சொல்கிறார்.

அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஐந்து வகையோடு நிறுத்துங்கள். காரம் இரண்டு, இனிப்பு இரண்டு, கொறிக்க ஒன்று. ஆளுக்கு ஐந்து துண்டு என்று வைத்தால் இருபது பேருக்கு நூறு துண்டு. அதில் சூடாகக் கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். வடையும் பஜ்ஜியும் கறிபாப்பும் (உள்ளே மசாலா வைத்துப் பொரிப்பது) மூன்றுமே சூடாக வேண்டும் என்று நினைத்தால் எண்ணெய்ச் சட்டியோடு நீங்கள் நிற்க, விருந்து கூடத்தில் நடக்கும். நான் மசால் வடைக்குக் கடலைப் பருப்பை மதியமே அரைத்துத் தட்டிவைத்து, நான்கே காலுக்கு ஒரே ஈடாகப் பொரித்து முடித்துவிடுவேன்.

என் வழக்கமான பட்டியல்: மசால் வடை, சார்டின் சாண்ட்விச், கேசரி, ஏதாவது ஒரு கூவே (மலாய்ப் பலகாரம்), கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்). சார்டின் சாண்ட்விச்சைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். டின் மீனின் முள்ளை எடுத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தால் தட்டில் முதலில் காலியாவது அதுதான். ரொட்டியின் இரு பக்கமும் வெண்ணெய் தடவிவிட்டு வையுங்கள், ஈரம் ஊறாது. செய்து அடுக்கிய பிறகு ஈரத் துணியால் மூடிவையுங்கள், ஓரம் காயாது. கச்சாங் பூத்தே ஈப்போ புந்தோங்கிலிருந்து யாராவது வாங்கிவந்தால் அது எங்கள் வீட்டில் தனி மகிழ்ச்சி. பினாங்கிலிருந்து வருகிறவர்களிடம் நான் வெட்கமில்லாமல் ஜாதிக்காய் ஊறல் கேட்பேன்.

தேங்காய்ச் சட்னியை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தேங்காய்ப் பாலும் தேங்காய்த் துருவலும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரை கிருமிகளுக்கு வசதியான சூடு. நம் கூடம் எப்போதும் அதற்குள்தான் இருக்கிறது. சிறு கிண்ணத்தில் கொஞ்சமாக வைத்து, தீர்ந்ததும் குளிர்பெட்டியிலிருந்து நிரப்புங்கள்.

எல்லாவற்றையும் கடையில் வாங்கினால் கௌரவக் குறைவா?

இல்லை. ஒன்றை மட்டும் வீட்டில் செய்யுங்கள், மற்றதை வாங்குங்கள். வாங்குவதைத் தட்டில் மாற்றிவையுங்கள். "நானே செய்தேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், செய்முறை கேட்பார்கள்.

முன்பதிவு செய்தால் பெட்டியைத் திறந்து ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். நான் ஒரு கடையில் உருளைக்கிழங்குக் கறிபாப் அறுபது சொல்லியிருந்தேன். வந்தது அறுபதும் சார்டின். அன்று வந்தவர்களில் ஒன்பது பேர் சைவம்.

கூவே எல்லாம் அரிசி மாவும் தேங்காயும்தானே? சைவர்களுக்குத் தயங்காமல் வைக்கலாம் அல்லவா?

தயங்குங்கள். புலுட் உடாங்கின் உள்ளே உலர்ந்த இறால் இருக்கிறது. சிகப்பாக இருக்கிற சம்பல் எதிலும் பெலாச்சான் இருக்கலாம், அது இறாலில் செய்வது. முட்டை சாப்பிடாதவர்கள் ஸ்ரீ மூக்காவின் பச்சை மேலடுக்கையும், பஹுலுவையும், கயாவையும் தவிர்க்க வேண்டும். கயா முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்ததுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆவியில் வேகவைத்த கூவே லாப்பிஸும் ஓண்டே ஓண்டேயும் வழக்கமாகப் பயமில்லாதவை. ஜெல்லி வைத்தால் ஜெலட்டின் வேண்டாம், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் போடுங்கள். சைவர், முஸ்லிம் இருவருக்கும் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும்.

நாட்காட்டியையும் பாருங்கள். புரட்டாசியிலும், தைப்பூசத்துக்கு முந்தைய விரத நாள்களிலும் நம்மவர்கள் பெரும்பாலோர் சைவம். சீன நண்பர்களில் சிலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். பௌத்த முறைப்படி இருப்பவர்கள் வெங்காயமும் பூண்டும்கூடத் தொடமாட்டார்கள். அவர்களுக்கு வெங்காயம் போடாத கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் தனியே எடுத்துவைத்தால் போதும். சைவத் தட்டை மேசையின் மறு கோடியில், தனி இடுக்கியோடு வையுங்கள். சார்டினைத் தொட்ட இடுக்கி கேசரிக்குப் போவதைப் பார்த்துவிட்டால் என் பெரியம்மா பிறகு தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

மலாய்த் தோழியை அழைக்க ஆசை. நம் வீட்டில் சாப்பிடுவாரா? கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ?

கேட்காமல் இருப்பதுதான் தப்பு. "உங்களுக்கு எது வசதி?" என்று நேராகக் கேளுங்கள். ஒருவர் நம் வீட்டுச் சைவப் பலகாரத்தைத் தயங்காமல் சாப்பிடுவார். இன்னொருவர் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாகிமின் ஹலால் முத்திரை உள்ள பொட்டலத்தை மட்டும் எடுப்பார். மூன்றாமவர் தேநீர் மட்டும் குடிப்பார். மூன்றுமே மரியாதையான பதில்தான். வற்புறுத்தாதீர்கள், "ஒன்றே ஒன்று" என்று தட்டை நீட்டும் நம் பழக்கத்தை அன்றைக்கு மூட்டை கட்டிவையுங்கள்.

உங்கள் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பதுண்டு என்றால் அதை மறைக்காதீர்கள். புதிய காகிதக் குவளையும் தட்டும் எடுத்துவையுங்கள், கடையில் வாங்கிய ஹலால் பலகாரத்தைப் பெட்டியோடு வையுங்கள். ரம் ஊறிய கேக் அன்று மேசைக்கு வர வேண்டாம். நாய் வளர்த்தால் முன்பே சொல்லிவிட்டு, அதை ஓர் அறையில் விடுங்கள். ரமலான் மாதத்தில் மாலைத் தேநீருக்கு அழைக்காதீர்கள். அழைத்தே ஆக வேண்டுமென்றால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அழைத்து, பேரீச்சம்பழத்தோடு தொடங்குங்கள்.

தோழி அன்போடு மாட்டிறைச்சிக் கறிபாப் கொண்டுவந்தால்? நன்றி சொல்லி வாங்கி, தனித் தட்டில் வைத்து, இன்னதென்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். மாட்டிறைச்சி தொடாதவர்கள் நம்மில் மட்டுமல்ல, குவான் யின்னை வணங்கும் சீனர்களிலும் உண்டு.

வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). டின் பாலை என்ன செய்வது?

ஒன்றரை மேசைக்கரண்டி டின் பாலில் ஏறக்குறைய நான்கு தேக்கரண்டி சர்க்கரை அடங்கியிருக்கிறது. இரண்டு குவளை குடித்தால், ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைத் தாண்டிவிடும். 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். பாதிப்பேர் என்று நீங்கள் சொல்வது மிகையாக எனக்குத் தோன்றவில்லை.

இனிப்பில்லாத ஆவிப்பால் டின் ஒன்றை வாங்கிவையுங்கள். தே சி-க்கு ஊற்றுவது அதுதான். சீனி தனியே இருப்பதால் வேண்டியவர் போட்டுக்கொள்வார், வேண்டாதவர் தே சி கோசோங் என்று குடிப்பார். இரவில் தூக்கம் வராது என்று பயப்படும் பெரியவர்களுக்குத் தேயிலை போடாத இஞ்சித் தண்ணீர் ஒரு சிறு குடுவை. ஆனால் யாருக்கு இனிப்பு நீர் என்று சபையில் கேட்காதீர்கள். மாமா கேசரியை எடுத்தால் அது மாமாவுக்கும் அத்தைக்கும் இடையிலான வழக்கு.

பீங்கான் குவளையா, காகிதக் குவளையா?

பன்னிரண்டு பேர்வரை பீங்கான். அதற்கு மேல் காகிதம், ஒரு பேனாவோடு. பெயர் எழுதாவிட்டால் ஒவ்வொருவரும் மூன்று குவளை எடுப்பார்கள்.

எங்கள் அடுக்குமாடியில் விருந்தாளிக் கார்களுக்கு ஆறே இடம்தான். கீழே காவலர் உள்ளே விடுவதில்லை.

வருகிறவர்களின் கார் எண்களை முந்தின நாளே வாங்கி, காவலர் கூண்டில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எல்ஆர்டி நிலையம் அருகில் இருந்தால் எந்த வாயிலில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்று புலனத்தில் ஒரு படம் அனுப்புங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஓர் இடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இளையவர்களைக் கிராப் வாடகைக் கார் பிடித்து வரச் சொல்லுங்கள். அவர்கள் முணுமுணுப்பார்கள், வருவார்கள்.

பிள்ளைகளை என்ன செய்வது?

வேலை கொடுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் கச்சாங் பூத்தே தட்டை எல்லோரிடமும் நீட்டிக்கொண்டு வரட்டும். பெரியவர்களிடம் பேசவும் அதுவே நல்ல பயிற்சி. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: சுடுநீர்க் குடுவைகளைத் தாழ்வான மேசையில் வைக்காதீர்கள், கீழே தொங்கும் மேசைவிரிப்பும் வேண்டாம். தவழும் குழந்தை பிடித்து இழுப்பது அந்த விரிப்பைத்தான்.

அழைத்தது ஆறு பேரை, வந்தது பதினொரு பேர். அண்ணி தன் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது எப்படி?

சாயத்தைக் கெட்டியாக எடுக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். வெந்நீர் இருக்கும்வரை தேநீர் தீராது. பலகாரத்துக்கு ஒரு டின் முறுக்கும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் அலமாரியில் எப்போதும் இருக்கட்டும். சாண்ட்விச்சை முக்கோணமாக இன்னொரு முறை வெட்டினால் எண்ணிக்கை இரட்டிக்கும்.

சம்பந்தி வீட்டாரை நல்ல நாற்காலியில் உட்காரவையுங்கள், அவர்களுக்கு நீங்களே கலந்து கொடுங்கள். அண்ணியிடம் பேச வேண்டியதை அடுத்த வாரம் பேசலாம். நான் பேசியதில்லை, அலமாரியில் முறுக்கு டின்னை இரண்டாக்கிவிட்டேன்.

சித்தப்பா வீட்டில் துக்கம் நடந்து இன்னும் பதினாறு நாள் ஆகவில்லை. விருந்தைத் தள்ளிவைப்பதா? அவர்களை அழைப்பதா?

நீங்கள் பங்காளி என்றால் உங்களுக்கும் தீட்டு உண்டு. தள்ளிவைத்துவிடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். தூரத்து உறவு அல்லது நண்பர் என்றால் விருந்து நடக்கலாம், ஆனால் அதன் படங்களை முகநூலில் போடாதீர்கள். துக்க வீட்டாரைக் காரியம் முடியும்வரை அழைக்க வேண்டாம். வரவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர்கள் தவிப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கு வேறு என்பதால் அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் வர முடியாவிட்டாலும் தேநீர் போகலாம். என் தோழியின் தந்தை இறந்த வாரம் ஒரு குடுவை இஞ்சித் தேநீரையும் ஒரு டின் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். யாரும் எதுவும் பேசவில்லை. குடுவை காலியானதும் திரும்பி வந்தேன்.

ஆறரை என்று எழுதினேன். எட்டு மணிவரை யாரும் எழுந்திருக்கவில்லை. எப்படி அனுப்புவது?

நம் வீடுகளில் இதற்கு இயல்பான வழி ஒன்று இருக்கிறது: விளக்கு வைக்கும் நேரம். ஆறே முக்காலுக்கு எழுந்து கை கால் கழுவி, சாமி விளக்கை ஏற்றி, ஊதுவத்தி வையுங்கள். பேச்சு தானாகத் தணியும். திரும்பி வரும்போது கையில் பலகாரப் பொட்டலங்களோடு வாருங்கள். தாபாவ் பொட்டலம் கைக்கு வந்துவிட்டால் மலேசியர் யாரும் அதற்கு மேல் உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

அப்படியும் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லையென்றால், அவர்களுக்கு உங்களிடம் சொல்ல ஏதோ இருக்கிறது. இரண்டாவது குடுவையில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மீந்த பலகாரத்தை என்ன செய்வது? கீழே காவலருக்குக் கொடுத்துவிடலாமா?

முறுக்கு, கச்சாங் பூத்தே, பிஸ்கட் டின்னுக்குத் திரும்பும். கேசரியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் பசியாறும்போது சாப்பிடலாம். தேங்காய் சேர்ந்தவற்றுக்கும் சார்டினுக்கும் மேலே சொன்ன இரண்டு மணி நேரக் கணக்குதான்; தாண்டியிருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

காவலருக்கு மீந்ததைக் கொடுக்காதீர்கள். விருந்து தொடங்குவதற்கு முன்பே, நான்கே காலுக்கு, சூடான வடையோடு ஒரு தட்டு முதலில் அவருக்குப் போகட்டும். எங்கள் வாயிலில் இருப்பவர் நேபாளத்துக்காரர். இஞ்சி கூடுதலாக வேண்டும் என்று மட்டும் கேட்பார். கடைசிச் சனிக்கிழமைகளில் என் விருந்தாளிகளின் காருக்கு எப்படியோ ஏழாவது இடம் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுகிறார்.